துருநோயும் எதிர்ப்பாற்றலும்: பைன் மரமும் நிலக்கடலையும்

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் பாகாலா ஒரு சந்திப்பு நிலையமாகும். அங்கிருந்து தர்மாவரத்துக்கு ஒரு கிளைப் பாதை பிரிகிறது. நிலக்கடலை ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற கதிரி அக்கிளையின் மீதே அமைந்துள்ளது. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாகாலா, 2022 ஏப்ரலில் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. இவ்வட்டாரத்துச் செம்மண் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை நெடுங்காலமாக முக்கியப் பயிராக விளங்கி வருகிறது. இங்குள்ள தமிழர் இதனை வேர்க்கடலை என்றும் மணிலாக்கொட்டை என்றும் வழங்குவர். வட ஆர்க்காட்டுப் பகுதியில் மல்லாட்டை என்பர். தெலுங்கர் வேருசெனக என்பர்.

ஆனி, ஆடி மாதங்களில் விதைத்த பயிர், புரட்டாசியில் காய் முற்றும் பருவத்தை அடைகிறது. அக்காலத்தில் விட்டு விட்டு மழை பெய்து, இரவுப் பனியும் சேர்ந்து இலைகள் நனைந்தே இருக்குமாயின், சில வயல்கள் ஒன்றிரண்டு வாரங்களில் தீய்ந்தாற்போல் பழுப்பேறுவதைக் காணலாம். அருகே சென்று இலையைத் திருப்பினால், அடிப்புறத்தில் செங்காவி நிறத் தூள் விரலில் ஒட்டும். இதுவே நிலக்கடலைத் துருநோய்.

இத்தகைய வயலை ஒட்டி, நோயை எதிர்க்கும் ரகம் விதைத்த மற்றொரு வயல் இருப்பதாகக் கொள்வோம். அது பச்சையாகவே நிற்கிறது. ஆயினும் அதன் இலைகளைத் திருப்பிப் பார்த்தால் அங்கும் சிற்சில புள்ளிகள் உள்ளன. "நோய் வராத விதை என்று சொல்லிக் கொடுத்தீர்களே, இதிலும் புள்ளி இருக்கிறதே ஐயா?" என்று விவசாயி வினவுவது இயல்பு. இதற்குத் தெளிவான விடை கூற இயலாமற்போனால், நல்ல விதை ஒன்று அடுத்த ஆண்டே கைவிடப்படும். எதிர்ப்பாற்றல் என்பது என்ன, அது எங்ஙனம் பயிருக்குள் அமைகிறது, அது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பவற்றைக் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இதை விளக்குவதற்கு நிலக்கடலையோடு, உலகில் துருநோய் மிகுதியாக ஆராயப்பட்ட மரமாகிய பைனையும் துணையாகக் கொள்வோம்.

துருநோய் என்பது யாது?

துருநோயை உண்டாக்குபவை ஒருவகைப் பூசணங்கள். இரும்பில் படியும் துருவைப் போன்ற நிறமுடைய வித்துக்களை இவை உண்டாக்குவதால் இப்பெயர் வந்தது. கோதுமை, காப்பி, நிலக்கடலை, பைன் முதலிய பலவகைத் தாவரங்களையும் வெவ்வேறு துருப்பூசணங்கள் தாக்குகின்றன. இவற்றுக்குள் ஒரு பொதுப் பண்பு உண்டு. சாதாரணமாக மற்றப் பூசணங்கள் பலவும் செத்த இலையிலும் மக்கிய குப்பையிலும் வளரும். துருப்பூசணமோ இயற்கையில் உயிருள்ள செடியின் உயிருள்ள உயிரணுக்களிலிருந்தே உணவை உறிஞ்சி வாழ்கிறது. வீட்டைக் கொள்ளையடித்துவிட்டு ஓடும் திருடனைப் போன்றதன்று இது. வீட்டுக்குள்ளேயே குடியிருந்து களஞ்சியத்தைக் காலி செய்யும் விருந்தாளியைப் போன்றது. வீடு இடிந்து விழுந்தால் விருந்தாளிக்கும் இருப்பிடம் இல்லை. எதிர்ப்பாற்றலின் இரகசியம் முழுவதும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருப்பதைப் பின்னர்க் காண்போம்.

நிலக்கடலைத் துருப்பூசணத்தின் விஞ்ஞானப் பெயர் பக்சீனியா அராக்கிடிஸ். பராகுவே நாட்டிலிருந்து கிடைத்த இலைகளைக் கொண்டு 1884-இல் ஸ்பெகாசினி என்னும் அறிஞர் இதனை விவரித்தார். இதன் வித்துக்கள் காற்றில் பரவி, ஈரமான இலையில் விழுந்து முளைத்து, இலைத்துளைகளின் வழியே உட்புகுகின்றன. 20 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பநிலையும், இலையின் மீது தங்கும் ஈரமும் இதற்கு மிகவும் உகந்தவை. புகுந்த ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் கொப்புளங்கள் தோன்றி, வெடித்து, புதிய வித்துக்களை வெளியிடுகின்றன. அவ்வித்துக்கள் மீண்டும் நிலக்கடலையையே தாக்குகின்றன.

நோய் அறியாத காலத்துப் பயிர்

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கிருந்து அப்பயிர் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆசியாவுக்கு வந்தது; ஆனால் அதன் துருப்பூசணம் உடன் வரவில்லை. 1960-களின் இறுதி வரையிலும் இந்நோய் பெரும்பாலும் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய பகுதிகளுக்குள்ளேயே அடங்கியிருந்தது. 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் விரைந்து பரவலாயிற்று. இந்தியாவில் முதலில் பஞ்சாபிலும், 1970-களின் தொடக்கத்தில் சென்னைக்கு அருகிலும் இது காணப்பட்டது. அப்பத்தாண்டு முடிவதற்குள் நாட்டின் நிலக்கடலைப் பகுதிகள் அனைத்திலும் துருநோய் வேரூன்றிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு ரகத்தின் வரலாற்றைக் கூறுவது பொருந்தும். சித்தூருக்குத் தென்மேற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் அமைந்துள்ளது குடியாத்தம். அவ்வூரின் பெயரால் வழங்கிய குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1940-இல் வெளியிடப்பட்ட ரகமே டி.எம்.வி. 2. ஏறத்தாழ 105 நாட்களில் முற்றுவதாலும், வறட்சியைத் தாங்குவதாலும், காய் ஒருசேர வாய்ப்பதாலும் இது தென்னிந்தியா முழுவதும் பரவிற்று. ஆனால் துருநோய்க்கு இது மிக எளிதில் இரையாகும் ரகம். இதை அந்த ரகத்தின் குறையாகவோ, தேர்ந்தெடுத்தவர்களின் கவனக்குறைவாகவோ கொள்ளுதல் தவறு. 1940-இல் இந்நாட்டில் துருப்பூசணமே இல்லை. இல்லாத பகைவனுக்கு எதிராகப் படையைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? தலைமுறை தலைமுறையாக நம் விவசாயிகள் விதைக்கென்று காய் பொறுக்கியபோதும், பருமனுக்காகவும் எண்ணெய்க்காகவும் பொறுக்கினார்களேயன்றி, துருவை எதிர்ப்பதற்காகப் பொறுக்க வாய்ப்பே ஏற்படவில்லை.

பைன் மரம் கண்ட அனுபவம்

இதே நிகழ்ச்சி அமெரிக்காவின் காடுகளில், மேலும் பெரிய அளவில், அரை நூற்றாண்டுக்கு முன்னரே நிகழ்ந்திருந்தது. ஒவ்வொரு கொத்திலும் ஐந்து ஊசியிலைகளைக் கொண்ட பைன் மரங்களைக் குரோனார்ட்டியம் ரிபிக்கோலா என்னும் துருப்பூசணம் தாக்குகிறது. இதன் பூர்விகம் ஆசியா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாற்றுப் பண்ணைகளிலிருந்து தருவிக்கப்பட்ட பைன் நாற்றுக்களுடன் இது வட அமெரிக்காவுக்குள் நுழைந்தது. அங்கிருந்த வெள்ளைப் பைன், சர்க்கரைப் பைன் முதலிய மரங்கள் இப்பூசணத்தை அதற்குமுன் கண்டதே இல்லை. ஊசியிலையின் வழியே புகுந்த பூசணம் கிளைக்கும், கிளையிலிருந்து அடிமரத்துக்கும் பரவி, பட்டையைச் சுற்றிலும் அழித்து, மரத்தையே பட்டுப்போகச் செய்தது.

இப்பூசணத்துக்கு ஒரு விநோதமான வாழ்க்கை முறை உண்டு. அது ஒரு பைனிலிருந்து நேரே மற்றொரு பைனுக்குச் செல்ல இயலாது. இடையில் ரைபீஸ் என்னும் சிறு புதர்ச்செடி இனத்தின் இலைகளில் தன் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கழித்தாக வேண்டும். ஆகவே அமெரிக்க அரசாங்கம் பல பத்தாண்டுகள் பெருந்தொகை செலவிட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொண்டு காடுகளில் ரைபீஸ் புதர்களை வேரோடு பிடுங்கச் செய்தது. மேற்குப் பகுதியின் மலைக்காடுகளில் இம்முயற்சி போதிய பலன் அளிக்கவில்லை. 1960-களில் அங்கு இம்முறை பெரிதும் கைவிடப்பட்டது. அதன்பின் ஆராய்ச்சியாளர்களின் கவனம் எதிர்ப்பாற்றலுள்ள மரங்களைத் தேடுவதில் திரும்பியது.

நம் நாட்டிலும் பைன் துருநோய்கள் உண்டு. இமயமலைச் சரிவுகளில் வளரும் சீர் பைனின் தண்டைத் தாக்கும் துருவை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் பூசணவியல் அறிஞர் பாக்ச்சீ 1929-இல் விவரித்தார். அப்பூசணம் தன் மறுபாதி வாழ்க்கையைச் சிராய்த்தா என்னும் கசப்பு மூலிகையின் இனத்தில் கழிப்பதையும் பின்னர் அவர் நிறுவினார். இளம் சீர் பைன் தோட்டங்களில் இந்நோய் மரக்கன்றுகளைக் கொல்லவும் வல்லது.

ஆனால் இங்கு நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. அமெரிக்க வெள்ளைப் பைன்களை அழித்த குரோனார்ட்டியம் ரிபிக்கோலா, இமயமலையின் நீலப் பைனையும் கிழக்காசியாவின் ஐந்திலைப் பைன்களையும் அவ்வளவு எளிதில் வீழ்த்துவதில்லை. காரணம் தெளிவு. பூசணமும் மரமும் எண்ணற்ற தலைமுறைகள் ஒரே கண்டத்தில் அண்டை அயலாக வாழ்ந்தன. தாங்க இயலாத மரங்கள் மடிந்தன. தாங்கியவை விதைகளை உதிர்த்தன. நோயும் செடியும் நெடுங்காலம் கூடி வாழ்ந்த இடத்திலேயே எதிர்ப்பாற்றல் பிறக்கிறது என்னும் இவ்வுண்மையே, நிலக்கடலையின் எதிர்ப்பாற்றலை எங்கே தேடவேண்டும் என்பதையும் காட்டிற்று.

எதிர்ப்பாற்றல் இருவகை

எதிர்ப்பாற்றலை இரு வகையாகப் பிரித்து அறிவது நலம்.

முதல் வகை, பகைவனை வாசலிலேயே மடக்குவது. கலிபோர்னியாவின் சர்க்கரைப் பைன்களுள் சிலவற்றில் இது காணப்பட்டது. பூசணம் ஊசியிலைக்குள் நுழைந்தவுடன், நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் தாமே விரைந்து மடிந்துவிடுகின்றன. துருப்பூசணம் உயிருள்ள அணுக்களை நம்பியே வாழ்வதென முன்னர்க் கூறினோம். சுற்றிலும் செத்த அணுக்களே இருப்பின் அதற்கு உணவு ஏது? அது அங்கேயே பட்டினியால் மடிகிறது. இலையில் ஒரு சிறு புள்ளி மட்டுமே எஞ்சும். கிளையும் தண்டும் தப்பிவிடும். இந்த ஆற்றல் ஜீன் எனப்படும் ஒரே ஒரு பாரம்பரியக் கூறினால் ஆளப்படுகிறது என்பதைக் கின்லாக் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1970-இல் வெளிப்படுத்தினர்.

இரண்டாம் வகை, பகைவனை உள்ளே விட்டும் அவன் வேலையைத் தாமதப்படுத்துவது. இவ்வகைச் செடியில் நோய் வரும். ஆனால் மெதுவாக வரும். நூறு வித்துக்கள் விழுந்தால் சிலவே கொப்புளமாகும். கொப்புளம் தோன்ற அதிக நாட்கள் பிடிக்கும். தோன்றிய கொப்புளம் சிறியதாயிருக்கும். சில வெடிக்காமலே நின்றுவிடும். வெடிப்பினும் வித்துக்கள் குறைவாகவே வெளிவரும். இவ்வாற்றல் பெரும்பாலும் பல ஜீன்களின் கூட்டுறவால் அமைவது.

இரண்டாம் வகை வலிமையற்றது என்று எண்ணத் தோன்றும். ஒரு கணக்கு இவ்வெண்ணத்தைத் தெளிவிக்கும். விளக்கத்துக்காக மட்டும் சில எண்களைக் கற்பித்துக் கொள்வோம். எளிதில் நோயுறும் ரகத்தில் ஒரு கொப்புளம் 10 நாட்களில் 10 புதிய கொப்புளங்களை உண்டாக்குகிறது என்க. 60 நாட்களில் ஆறு தலைமுறைகள்; ஆறாம் தலைமுறையில் 10 இலட்சம் கொப்புளங்கள். மற்றொரு ரகத்தில் ஒரு கொப்புளம் 15 நாட்களில் 5 கொப்புளங்களை மட்டும் உண்டாக்குகிறது என்க. அதே 60 நாட்களில் நான்கு தலைமுறைகளே. நான்காம் தலைமுறையில் 625 கொப்புளங்கள். கால அளவு ஒன்றரை மடங்கும் பெருக்கம் பாதியும் ஆன மாத்திரத்தில், முடிவில் ஆயிரத்து அறுநூறு மடங்கு வேற்றுமை உண்டாகிவிட்டது. வட்டிக்கு வட்டி பெருகும் கடனில் வட்டி விகிதத்தைச் சிறிது குறைத்தால் குடும்பம் பிழைப்பதைப் போன்றது இது. பயிர் முற்றி அறுவடையாகும் வரை இலை பச்சையாக நின்றால் போதும். நோயே இல்லாதிருக்க வேண்டுவதில்லை.

பட்டான்செருவில் நடந்த தேர்வு

ஐதராபாத்துக்கு அருகில் பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 1970-களின் பிற்பகுதியிலிருந்து நிலக்கடலைத் துருநோயை விரிவாக ஆராயத் தொடங்கியது. உலகெங்கிலுமிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான கடலை வகைகள் அங்கு வரிசை வரிசையாக விதைக்கப்பட்டன. அவற்றுக்கிடையே குறித்த இடைவெளிகளில், நோயைத் தவறாமல் பரப்பும் வரிசைகளாக எந்த ரகம் பயன்படுத்தப்பட்டது தெரியுமா? நம் குடியாத்தம் கடலையின் வழிவந்த டி.எம்.வி. 2-தான். துருவுக்கு இரையாவதில் அது அவ்வளவு உறுதியானது! நோயுற்ற செடிகளும் தொட்டிகளில் இடையிடையே வைக்கப்பட்டு, இலைகள் ஈரமாகவே இருக்குமாறு நீர் தெளிக்கப்பட்டது. இத்தகைய கடுஞ்சோதனையில் பச்சையாக நின்றவையே தேர்ச்சி பெற்றவை.

தேர்ச்சி பெற்ற பயிர்வகைகளுள் பெரும்பாலானவை தென் அமெரிக்காவின் பெரு நாட்டைச் சேர்ந்தவை. பூசணமும் பயிரும் கூடி வாழ்ந்த நிலமே எதிர்ப்பாற்றலின் பிறப்பிடம் என்பது இங்கும் மெய்யாயிற்று. ஆயினும் பெரு நாட்டுக் கடலையின் ஓடு தடித்தது; புறத்தே ஆழ்ந்த வரிகளுடையது; உடைத்தால் பருப்பு குறைவு. நம் சந்தைக்கு இது ஏலாது. மேலும் நோயை எதிர்ப்பவை பல முற்றுவதற்கு அதிக நாட்கள் எடுத்துக்கொண்டன. மழை எப்போது நின்றுவிடுமோ என்னும் நிலையில் உள்ள மானாவாரி விவசாயிக்கு, 105 நாள் பயிருக்கு மாறாக நீண்ட நாள் பயிர் எவ்வளவு நோயற்றதாயினும் பயன்படாது. ஆகவே கலப்பினம் செய்து, நல்ல காயையும் நல்ல இலையையும் ஒரே செடியில் சேர்க்க வேண்டியதாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் வெளியிடப்பட்ட ஐ.சி.ஜி.வி. 86590 போன்ற ரகங்கள் இம்முயற்சியின் விளைவுகள்.

அந்நிலையத்தில் சுப்ரமணியம், மக்டொனால்டு முதலியோர் நடத்திய ஆய்வுகளில் ஒரு சுவையான உண்மை வெளிப்பட்டது. எளிதில் நோயுறும் ரகமாயினும், எதிர்க்கும் ரகமாயினும், நோயே அணுகாத காட்டினமாயினும், எல்லா இலைகளிலும் வித்துக்கள் ஒன்றுபோலவே முளைத்து, இலைத்துளைகளின் வழியே ஒன்றுபோலவே நுழைந்தன. வேற்றுமை நுழைந்த பிறகே தொடங்கிற்று. காட்டினத்தில் பூசணம் உட்சென்ற சிறிது நேரத்திலேயே மடிந்தது. எதிர்க்கும் ரகத்தில் மெல்ல வளர்ந்தது. எளிதில் நோயுறும் ரகத்தில் தங்கு தடையின்றிப் பரவியது. ஆகவே எதிர்ப்பாற்றல் என்பது பூட்டிய கதவன்று. வீட்டுக்குள் விழித்திருக்கும் காவல்.

காட்டுக் கடலையின் கொடை

நிலக்கடலைக்குத் தென் அமெரிக்காவில் காட்டு உறவினர் பலர் உள்ளனர். அவற்றுள் அராக்கிஸ் கார்டெனாசி என்பது ஒன்று. இதற்குத் துருவும் எட்டாது; டிக்கா நோய் எனப்படும் பின்பருவ இலைப்புள்ளியையும் இது நன்கு எதிர்க்கும். ஆனால் பயிரிடும் கடலையின் உயிரணுவில் 40 குரோமசோம்களும், இக்காட்டினத்தில் 20 குரோமசோம்களும் உள்ளன. இவ்விரண்டையும் கலந்தால் பிறக்கும் செடி மலடாகும். கால்ச்சிசின் என்னும் மருந்தால் குரோமசோம்களை இரட்டித்து, பின் பயிர்க்கடலையுடன் பல தலைமுறைகள் மீண்டும் மீண்டும் கலந்தே காட்டினத்தின் ஆற்றலைப் பயிருக்குள் கொணர முடிந்தது.

1960-களில் அமெரிக்காவில் தொடங்கிய இக்கலப்பின் வழித்தோன்றல்கள் விதைப் பரிமாற்றத்தின் மூலம் இந்தியாவுக்கும் வந்தன. கருநாடகத்தின் தார்வார் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தி ஜி.பி.பி.டி. 4 என்னும் ரகத்தை உருவாக்கியது. துருவையும் இலைப்புள்ளியையும் ஒருங்கே எதிர்க்கும் இந்த ரகம் பிற ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு தாய்ச்செடியாக அமைந்தது. இதன் எதிர்ப்பாற்றலைத் தாங்கிய குரோமசோம் பகுதியை அடையாளக் குறிகளின் துணையால் இனங்கண்டு, ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24, ஐ.சி.ஜி.வி. 91114 ஆகிய பரவலான ரகங்களுக்குள் புகுத்திய செய்தியை இக்ரிசாட் ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். முன்பு வயலில் நோய் பரவும்வரை காத்திருந்து அறிந்ததை, இன்று நாற்றின் ஓர் இலைத்துண்டைச் சோதித்தே அறியலாம்.

ஒரே தூணின் மீது நிற்கும் கூரை

இவ்வெற்றியினூடே ஓர் எச்சரிக்கையும் உள்ளது. 2021-இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு, ஆசியா, ஆப்பிரிக்கா, ஓஷனியா, அமெரிக்கா ஆகிய பகுதிகளில் பயிரிடப்படும் நோய் எதிர்ப்பு ரகங்கள் பலவற்றின் மூலத்தை ஆராய்ந்தது. பொலிவியாவில் திரட்டிய அராக்கிஸ் கார்டெனாசியின் ஒரே ஒரு மாதிரியிலிருந்து அவற்றின் எதிர்ப்பாற்றல் வந்திருப்பது அதில் தெரியவந்தது. ஒரு சிறு காட்டுச்செடி உலகெங்கும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்று மகிழலாம். அதே சமயம், அத்தனை வயல்களும் ஒரே தூணின் மீது கூரை வேய்ந்திருப்பதையும் மறத்தலாகாது.

இவ்வகையில் பைன் மரம் நமக்கு ஒரு பாடம் கற்பித்துள்ளது. ஒரே ஜீனின் ஆற்றலால் காக்கப்பட்ட சர்க்கரைப் பைன்கள் வட கலிபோர்னியாவில் ஹேப்பி கேம்ப் என்னும் இடத்தில் சோதனைக்காக நடப்பட்டிருந்தன. அந்த ஜீனின் காவலை மீறவல்ல ஒரு புதிய பூசணக் கிளை 1970-களில் அங்கு தோன்றியது. எதிர்ப்புடையவை என்று எண்ணிய மரங்கள் நோயுற்றன. பூசணத்தின் வித்துக்கள் கோடிக்கணக்கானவை. அவற்றுள் ஏதேனும் ஒன்று மாறிவிட்டால், மற்றவை மடியும் இடத்தில் அது மட்டும் பிழைத்துப் பெருகும். மரமோ நூறாண்டு ஒரே இடத்தில் நின்றாக வேண்டும். ஆதலின் ஓரிகன் மாநிலத்தின் டொரீனா முதலிய நிலையங்களில், ஒற்றை ஜீன் உடைய மரங்களோடு, நோயை மெதுவாக்கும் மரங்களையும் தேடிச் சேர்க்கின்றனர்.

நிலக்கடலை ஆண்டுப் பயிர். விதையை மாற்ற இயலும் என்பது நமக்குள்ள வசதி. ஆயினும் ஒரு புதிய ரகத்தை உருவாக்கிப் பெருக்கி விவசாயியின் கைக்குக் கொண்டு சேர்க்கப் பத்தாண்டுகளுக்கும் மேலாகலாம். எனவே பெரு நாட்டுக் கடலையின் மெல்லத் துருப்பிடிக்கும் குணத்தையும், காட்டினத்தின் வலிய குணத்தையும் ஒரே ரகத்தில் இணைப்பதும், ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே ரகத்தைப் பரப்பாமல் இரண்டு மூன்று ரகங்களை விரவச் செய்வதும் முன்யோசனையுள்ள செயல்களாகும்.

களப் பணியாளர் கவனத்துக்கு

முதலாவது, நோயைச் சரியாக இனங்காண வேண்டும். துருவில் இலையின் அடிப்புறத்தே செங்காவிக் கொப்புளங்கள் தோன்றும். தேய்த்தால் தூள் ஒட்டும். காய்ந்த இலை உதிராமல் செடியிலேயே தங்கும். இலைப்புள்ளியில் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றி இலை உதிர்ந்துவிடும். இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து வருவதும் உண்டு. அப்போது மகசூலில் பாதிக்கு மேலும் இழப்பு நேரலாம். இவ்வேற்றுமை மருந்தைத் தேர்வதற்கும் அவசியம். இலைப்புள்ளிக்குப் பயன்படும் கார்பெண்டசிம் துருவைக் கட்டுப்படுத்துவதில்லை. அதனைத் தெளித்துவிட்டுத் துரு அடங்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. விவசாயத் துறை அவ்வப்போது பரிந்துரைக்கும் மருந்தையே, நோயின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டுத் தெளிக்கச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, "நோய் உண்டு, இல்லை" என்று எழுதாமல் அளவிட்டு எழுத வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களில் 1 முதல் 9 வரையிலான அளவுகோல் வழங்குகிறது. நோயே இல்லையேல் 1. இலைப்பரப்பில் நூற்றுக்கு 5 பங்கு வரை கெட்டிருந்தால் 2. 6 முதல் 10 வரை 3. 21 முதல் 30 வரை 5. 41 முதல் 60 வரை 7. 80-க்கு மேல் 9. இடைப்பட்ட எண்கள் இடைப்பட்ட அளவுகளைக் குறிக்கும். ஒரு வயலில் 3, அடுத்த வயலில் 8 என்று பதிவேட்டில் இருந்தால், முன்கூறிய விவசாயியின் வினாவுக்கு விடை அங்கேயே உள்ளது. அறுவடைக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன் எடுத்த அளவே ஒப்பிடுவதற்கு ஏற்றது.

மூன்றாவது, உதிர்ந்த கடலையிலிருந்து தாமே முளைக்கும் செடிகளை அகற்றச் செய்ய வேண்டும். பைன் துருவுக்கு ரைபீஸ் புதர் இடைத்தங்கல் ஆவதைப் போல நிலக்கடலைத் துருவுக்கு வேறு செடி எதுவும் கண்டறியப்படவில்லை. காய்ந்த சருகில் இவ்வித்துக்கள் நம் கோடை வெயிலில் நெடுநாள் உயிர்வாழ்வதும் இல்லை. ஆகவே ஒரு பருவத்திலிருந்து மறு பருவத்துக்குப் பூசணத்தைக் கடத்துபவை இத்தகைய தான்தோன்றிச் செடிகளும், பாசன நிலங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி விதைக்கும் கடலைப் பயிர்களுமே. பருவங்களுக்கிடையே கடலையே இல்லாத ஓர் இடைவெளி விடுவது செலவில்லாத மருந்து.

நான்காவது, விதை வழங்கும்போதே உண்மையைக் கூற வேண்டும். "இது நோயே வராத ரகம்" என்று கூறலாகாது. "இதிலும் சில புள்ளிகள் வரும்; ஆனால் அறுவடை வரை இலை நிற்கும்; காய் நிறையும்; கொடி மாட்டுக்கு ஆகும்" என்று கூறவேண்டும். பால்மாடு வளர்க்கும் இம்மாவட்டங்களில் பச்சை மாறாத கடலைக்கொடி காயைப் போலவே மதிப்புடையது என்பதை விவசாயி நன்கறிவார்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனைக் கண்கூடாகக் காட்டலாம். இரண்டு ரகங்களின் செடிகளில், உச்சியிலிருந்து நான்காவது இலைகளைப் பத்துப் பத்தாக எடுத்து, கைலென்சின் மூலம் மாணவர் கொப்புளங்களை எண்ணட்டும். எத்தனை வெடித்துள்ளன, எத்தனை வெடிக்காமல் உள்ளன என்று தனித்தனியே குறிக்கட்டும். இலையை வெள்ளைத்தாளில் தட்டினால் விழும் தூளின் அளவையும் ஒப்பிடட்டும். ஐந்து நாட்களுக்கொருமுறை எண்ணி வரைபடம் வரைந்தால், ஒரு கோடு செங்குத்தாக ஏறுவதையும் மற்றொன்று சாய்ந்து மெல்ல ஏறுவதையும் காண்பர். கூட்டுவட்டிக் கணக்கும், மரபியலும், பயிர்ப் பாதுகாப்பும் இவ்வொரு பாடத்தில் அடங்கிவிடும். நோயுற்ற இலைகளைப் பாடம் முடிந்ததும் எரித்துவிடவோ புதைத்துவிடவோ வேண்டும். வேறு வயலுக்குக் கொண்டு செல்லலாகாது.

பாகாலா வட்டாரத்து விவசாயியின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். புள்ளி இருப்பது தோல்வியன்று. பூசணம் உள்ளே வந்ததையும், அதனைச் செடி தடுத்து நிறுத்தியதையும் அப்புள்ளியே தெரிவிக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் அப்புள்ளிகளை எண்ணி வருதல் நம் கடமை. நெடுநாள் 3 என்றிருந்த அளவு ஏதேனும் ஒரு பருவத்தில் 5 ஆகவும் 6 ஆகவும் உயருமாயின், அது ஹேப்பி கேம்ப் மரங்கள் தந்ததைப் போன்ற முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். அச்செய்தி திருப்பதி, கதிரி ஆராய்ச்சி நிலையங்களுக்கு உடனே எட்ட வேண்டும். ஆராய்ச்சியாளர் எல்லா வயல்களுக்கும் செல்ல இயலாது. வரப்பில் நின்று இலையைத் திருப்பிப் பார்க்கும் களப் பணியாளரின் பதிவேடே அவர்களுக்குக் கண்ணாகும்.